சோத்துக்கைப் பக்கம்

“எரியல” என்று வண்டிக்கு முன்னாலிருந்து தனிஸ்லாஸ் குரல் கொடுத்தார். அமலோற்பவம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இண்டிகேட்டர் குச்சியைப் பிடித்த பிடி விடாமல், தான் தள்ளியது சரியான பக்கந்தானா என்று மறுபடியும் யோசித்தாள். சோத்துக்கைப் பக்கம் போடு என்றார். சோத்துக்கை என்றால் வலது, ஊர் உலகத்துக்கெல்லாம் அப்படித்தான், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் முதலில் அசைவது இடதுகை, ஏனென்றால் ஆள் இல்லாத வேளையில் அவள் சோறு தின்பது அந்தக் கையால். சின்ன வயதில் மடத்துச் சிஸ்டர் ஒருவர் அதைத் துண்டால் முதுகோடு கட்டிவைத்துச் சாப்பிடச் சொன்னார். நாலு பேர் முன்னால் வலதுகையால் தின்னப் பழகிக்கொண்டாள், மனசு பழகவில்லை. அதனால் யாராவது சோத்துக்கை பீச்சாங்கை என்று சொன்னால் அவள் மேல்கையில் அம்மை குத்திய தழும்பைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். தழும்பு இருப்பது இடது. தழும்பு இல்லாதது உலகத்தாரின் சோத்துக்கை. இப்போதும் ஸ்வெட்டருக்கு மேலேயே தடவினாள். குச்சி மேலே நின்றது, மேலே என்றால் வலது, சரியாகத்தான் போட்டிருக்கிறாள். “போட்டிருக்கேங்க.” “எந்தப் பக்கம் போட்டிருக்க?” “சோத்துக்கைதான்.” “உன் சோத்துக்கையா, வண்டி சோத்துக்கையா?” அவர் சிரிக்கவில்லை. வண்டி வந்த புதிதில் இதே பேச்சுக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வண்டி எந்தக் கையால சோறு திங்கும் என்று அவள் கேட்டாள், இது ஹாலந்துக்காரன் வண்டி புள்ள, கரண்டியால திங்கும் என்றார் அவர். இன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவர் முகத்தில் சிரிப்புக்கு இடமில்லை. டாஷ்போர்டுக்குள் பிளாஷர் டிக், டிக் என்று அவசரமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது, சுவரில் பழைய கடிகாரம் அடிக்கிற மாதிரி. மேகம் இறங்கி ஏரிப்பக்கத்து மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. வண்டியின் வலது மூலையில் அந்த மேகத்துக்குள் ஒரு மஞ்சள் பூத்து அணைந்தது, பூத்து அணைந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அது வேறு எதாவதாக இருக்கும் என்று நினைத்தாள்.

வேறு என்னவாக இருக்கும். தெருவிளக்கு இன்னும் போடவில்லை. போட்டாலும் இப்படி மூச்சு விடாது. ஆனால் அவருக்குத் தெரியாததா, ஒரு ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி இந்த மலையின் ஒவ்வொரு வளைவையும் சொந்தக்காரன் பேர் மாதிரி சொல்லுகிறவர், பஞ்சர் ஆன டயரைத் தட்டிப் பார்க்காமல் சத்தத்திலேயே சொல்லுகிறவர், அவர் எரியவில்லை என்றால் எரியவில்லை. தரையோடு தரையாக ஹாலந்திலிருந்து ஓட்டிவந்த புருஷனும் பெண்சாதியும் இந்த மலை ஏறியதோடு இஞ்சின் நின்று, வண்டியை இங்கேயே விட்டுவிட்டு விமானத்தில் திரும்பிப் போனார்கள், அதைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து உயிர் கொடுத்தவர் அவர். உள்ளே மடக்குக் கட்டில், மேலே ஒரு சின்னப் படுக்கை, தகரத் தொட்டி, இவள் பின்னிய கம்பளித் திரைகள். ஸ்டியரிங் மட்டும் நம் ஊருக்கு மாறின பக்கம். அதனால் முன்னே போகிற லாரியைத் தாண்டவேண்டுமென்றால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது, வலது சீட்டில் இருக்கிற இவள்தான் கழுத்தை நீட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். லாரி வருது, இருங்க. இருங்க, இன்னொண்ணு வருது. இப்ப வாங்க, வரலாம். வண்டி வந்ததிலிருந்து அந்த ஒரு பக்கத்துக்கு இவள் கண்தான் அவருக்குக் கண். அவள் சொல்லை நம்பி அவர் கால் அழுத்துவார், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. “அணைச்சிட்டு ஹெட்லைட்டப் போடு” என்றார். அவள் குமிழை இழுத்தாள். மேகத்தில் இரண்டு வெள்ளைத் தூண்கள் சாய்ந்து விழுந்தன. இரண்டு. எண்ணுவதில் அவள் தப்புப் பண்ணுகிறவள் இல்லை, குல்லாய் பின்னும்போது பேசிக்கொண்டே இருந்தாலும் விட்ட கண்ணி எங்கே என்று விரலுக்குத் தெரியும். “ஒண்ணுதான் எரியுது” என்றார் அவர்.

போன வாரம் நிஜமாகவே அணைந்தது, அது பொய்யில்லை. அவள் கண் முன்னால்தான் அணைந்தது, மார்க்கெட்டிலிருந்து வரும்போது இரண்டு ஹெட்லைட்டும் செத்துப்போய் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்கள். அவர் சுவிட்சைக் கழற்றி, செம்புத் தகட்டில் கரி பிடித்திருக்கிறது பார் என்று காட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் புதுக் காசு மாதிரி ஆக்கி மாட்டினார். ஆகவே கோளாறு இருந்த சுவிட்சுதான். இருந்த கோளாறு திரும்பி வருவது உண்டுதானே. பழைய சாமான், ஆள் மாதிரித்தான், ஒருதரம் காய்ச்சல் வந்தால் மறுபடி வரும். இப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பிறகு ஆள் மாதிரி என்று நினைத்தது உறுத்தியது. அவர் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு அந்த வலது விளக்குக்கு நேராக வந்து குனிந்தார். குனிந்தவர் முகம் வெள்ளை வெளேரென்று ஆனது, விளக்கு வெளிச்சம் அப்படியே அவர் மூக்கிலும் மீசையிலும் அடித்தது. “இந்தா, எரியுது!” என்றார். இரண்டடி பின்னால் போய் நடுவில் நின்றார். “போச்சு.” மறுபடி கிட்டே வந்தார். “எரியுது.” வண்டியின் தகரத்தில் ஒரு குத்து விட்டார். “கிட்டப் போனா எரியுது, தள்ளி நின்னா அணையுது. லூஸ் கான்டாக்ட். என் கால் அதிர்வுல ஒயர் ஆடுது புள்ள.” அவர் கால் அதிர்வில் ஒயர் ஆடுமா. தரை கருங்கல் பாவிய தரை. அவரோ குல்லாயும் சேர்த்து ஒரு கோழி எடை. ஆடும், ஏன் ஆடாது, அவர் சொன்னால் ஆடும். மேலே, குமிழைப் பிடித்திருந்த அவள் விரல்களில், மேகத்தில் பட்டுத் திரும்பிய அந்த வெளிச்சம் ஒரு துளிகூட நடுங்காமல் நின்றதை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

நாளைக் காலையில் கிளம்பவேண்டும். மகள் ஜெசிந்தா பிள்ளைகளோடு கோயம்புத்தூரிலிருந்து இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி வரைக்கும் இந்த வண்டியிலேயே போவதென்று பேத்தியும் பேரனும் போனிலேயே சண்டை போட்டுப் படுக்கை பிரித்துக்கொண்டார்கள். மேல் படுக்கை பேத்திக்கு, திரும்பும்போது பேரனுக்கு. ஜெசிந்தா மட்டும் குரலைத் தாழ்த்தி, “அப்பா ஓட்டிருவாரும்மா?” என்று கேட்டாள். “உங்கப்பா ஓட்டாம வேற யாரு ஓட்டுவா, போப்பாண்டவரா?” என்று இவள் சிரித்தாள். சிரித்தது மூன்றுநாள் முந்தியா, நாலா. அன்றைக்கு மத்தியானமே அவர் தட்டில் பொரியல் அப்படியே கிடந்தது. “பின்னால போறேன், இண்டிகேட்டர் போடு, பீச்சாங்கை” என்று குரல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது. போகிற வழியில் கண்ணாடிக் கம்பியில் தோளை இடித்துக்கொண்டு, “இது ஒண்ணு, நடுவுல” என்று அதைத் திட்டியது. எந்தத் தோள். அவள் தழும்பைத் தடவினாள், குச்சியைக் கீழே இறக்கினாள். டிக், டிக். அவர்தான் சொல்லிக்கொடுத்தார், ஒரு பல்பு செத்துப்போனா பிளாஷர் அவதிப்பட்டு அடிக்கும் புள்ள, ரெண்டும் உசிரோட இருந்தா நிதானமா அடிக்கும், கண்ணால பாக்கவே வேணாம், காதால கேட்டாப் போதும். நிதானமாக அடித்தது. அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். இடதுபக்கம் செம்பருத்தி வேலி மஞ்சளாகிப் பச்சையாகி மஞ்சளானது. “எரியல!” என்றார் அவர் பின்னாலிருந்து. “சோத்துக்கையப் போடு. ஆங், அது எரியுது.” பிறகு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மேகத்துக்குள் நடந்து வந்தது. “முன்னால சோத்துக்கை போச்சு. பின்னால பீச்சாங்கை போச்சு. எந்த ஒயர்ல இப்படி வரும்? கர்த்தரே, எந்த ஒயர்ல இப்படி வரும்?”

முன்னால் சோத்துக்கை, பின்னால் பீச்சாங்கை. அவளுக்கு ஒயர் தெரியாது, ஆனால் கை குழம்புவது தெரியும், அதிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒருவேளை இதெல்லாம் அந்தக் குழப்பந்தான். அவர் ஒன்று சொல்ல இவள் ஒன்று போட்டிருப்பாள், மத்தியானத்திலிருந்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்த மனுஷன் இல்லாத ஒயரைத் தேடிக்கொண்டு. அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், மாதாவே, என் கைதான் தப்பு என்று இருக்கட்டும், சிஸ்டர் கட்டிவைத்த கைதானே, அதன்மேல் பழி விழுந்தால் என்ன. கண்ணை மூடி, வண்டிக்கு முன்னால் அவர் நிற்கிற மாதிரி தானும் மனசுக்குள் போய் நின்றாள். வண்டி அவளைப் பார்க்கிறது, அவள் வண்டியைப் பார்க்கிறாள். வண்டியின் சோத்துக்கை இப்போது அவளுடைய எந்தக் கைக்கு நேரே. தழும்புக் கைக்கு. சரி. இனி பின்னால் போய் நின்றாள். வண்டி முதுகைக் காட்டுகிறது, இருவரும் ஒரே திசை பார்க்கிறார்கள். வண்டியின் பீச்சாங்கை எந்தக் கைக்கு நேரே. தழும்புக் கைக்கு. கண்ணைத் திறந்துவிட்டாள். பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போனால் முதல் வரிசையில் தெரியாது, பத்து வரிசை தள்ளி வந்தபிறகு ஓட்டை மேலே மேலே ஏறி வந்திருப்பது தெரியும், அது மாதிரி தெரிந்தது. பொரியல் தட்டின் எந்தப் பக்கம் கிடந்தது. பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, எங்க புள்ள பொரியல் வச்ச என்றார், கிண்டல் என்று கோபித்துக்கொண்டு தட்டை வெடுக்கென்று எடுத்துப் போனாள். காலையில் சவரம் செய்த முகத்தில் ஒரு கன்னத்தோரம் வெள்ளை முள் அப்படியே நின்றது, வயசாச்சு, அவசரம் என்று விட்டாள். ஆணியில் தொங்கின குல்லாயைக் காணோம் காணோம் என்று தேடினார். ஆணி கதவுக்கு எந்தப் பக்கம். தடவ வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம். கோளாறு வண்டியில் நிற்கவில்லை, அவரோடு முன்னாலும் பின்னாலும் நடந்துகொண்டிருந்தது.

இல்லை, அப்படி இருக்காது. அண்ணன் சவரிமுத்துவுக்கு வாதம் வந்தபோது வாய் கோணிப்போனது, கை வாழைத்தண்டு மாதிரி தொங்கியது, பேச்சு குழறியது. இவருக்கு வாய் நேராக இருக்கிறது. திட்டுகிறார், சுத்தமாகத் திட்டுகிறார். திருப்புளியை இரண்டு கையாலும் திருகுகிறார். இப்படி ஒரு வாதம் உண்டா, வலிக்காமல், சாய்க்காமல், உலகத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எடுத்ததையும் சொல்லாமல் போகிற வாதம். “என்னக்கா, டிரைவர் வேலை கெடச்சிருச்சா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மாள் தலை தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரி, காரட் மூட்டையை இறக்கிவிட்டுத் தலைத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். “சம்பளம் என்ன, சாப்பாடு உண்டா?” அமலோற்பவம் சிரிப்பது மாதிரி உதட்டை இழுத்தாள். “பாண்டி, அந்த முன் லைட்டப் பாரு. எத்தன எரியுது?” கேட்டபிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். “எத்தனையா? எல்லாந்தான் எரியுது. கலியாண வீடு மாதிரில்ல இருக்கு. பாட்டரி தீந்துறப் போகுது, அணைங்கக்கா.” தனிஸ்லாஸ் பின்பக்கமிருந்து, “உனக்கு என்ன தெரியும், காரட்டப் போய் எண்ணு” என்று கத்தினார். “ஆமா, மாமாவுக்குத்தான் தெரியும்” என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவள் வீட்டு வாசலில் மருமகன் ஜீப் நின்றது.

“டார்ச் எடுத்துட்டு வர்றேன், சுவிட்சக் கழத்திருவோம்” என்று அவர் வீட்டுக்குள் போனார். நிலைப்படியில் இடிக்கிற சத்தம் கேட்டது. அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி, மூடி திறந்தே கிடந்தது, பீங்கான் மிட்டாய்களை அடுக்கி வைத்தமாதிரி. ஒன்றைப் பிடுங்கிச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டால் போதும். விளக்கு நிஜமாகவே சாகும். வண்டி சரியில்லை, பஸ்ஸில் போவோம் என்று ஆகிவிடும். பிள்ளைகள் அழும், ஜெசிந்தா உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள், அவர் வண்டியைத் திட்டிக்கொண்டு மரியாதையோடு இருப்பார். வண்டியின்மேல் பழி, மனுஷன்மேல் இல்லை. கை ஃபியூஸ்வரைக்கும் போய்விட்டது, இடதுகை, அதுதானே அவளுக்கு முந்திக்கொள்ளும் கை. விரல் நுனியில் பீங்கான் சூடாக இருந்தது. பிறகு. நாளைக்கு அவர் அதைக் கண்டுபிடிப்பார், வேறொன்று போடுவார், அவருக்கு ஃபியூஸா பெரிசு. இல்லை, கண்டுபிடிக்காமல் உட்கார்ந்து தேடுவார், நாள்கணக்கில், இல்லாத ஒயரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன அறுந்ததோ அது மேலும் அறுந்துகொண்டு போகும். அண்ணனையும் அப்படித்தான் ஒரு ராத்திரி தூங்கட்டும் என்று விட்டார்கள். இறக்கத்தில் பள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று அவள் திடீரென்று யோசித்தாள். தழும்பைத் தடவினாள். தடவிப் பிரயோஜனமில்லை, கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி பள்ளம் கை மாறும், ஒரு வளைவில் சோத்துக்கை, அடுத்த வளைவில் பீச்சாங்கை, பாதி வழி அவருக்குப் பள்ளம் தெரியும், பாதி வழி தெரியாது, தெரியவில்லை என்பதே தெரியாமல் ஓட்டுவார், நிதானமாக, ஹாரன் அடித்து, பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மேல் படுக்கையில் பேத்தி தூங்கிக்கொண்டிருக்க. அவள் கையை ஃபியூஸிலிருந்து எடுத்தாள். குச்சி மேலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சாவியை அப்படியே விட்டு, கதவைத் திறந்து இறங்கினாள். கால் மரத்துப்போயிருந்தது.

அவர் டார்ச்சோடு வந்து வண்டிக்கு முன்னால் நடுவில் நின்றிருந்தார். “நீ ஏன் எறங்கின? யாரு போடுறது?” “போட்டுட்டுத்தான் எறங்கினேன். சோத்துக்கை.” “எரியலயே.” “எரியலயா?” “எரிஞ்சா எரியுதுன்னு சொல்ல மாட்டனா? என்ன புள்ள, வேல நேரத்துல.” அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று இரண்டு தோள்களையும் பிடித்தாள். ஸ்வெட்டருக்குள் எலும்பு சின்னதாக இருந்தது, இவ்வளவு சின்னதாக எப்போது ஆனது. கல்யாணமான புதிதில்கூட வாசலில் வைத்து இப்படித் தொட்டதில்லை, அவருக்கு வெட்கம், இவளுக்கும். “என்ன இது, ரோட்டுல நின்னுக்கிட்டு” என்றார். “கொஞ்சம் இருங்க.” தழும்பு இருக்கும் பக்கமாக அவரை மெதுவாகத் திருப்பினாள், கதவைத் திறக்கிற மாதிரி. அவர் மறுக்காமல் திரும்பினார். டிக், டிக். அவர் உடம்பு நின்றுபோனதை அவள் உள்ளங்கை உணர்ந்தது. மஞ்சள் அவர் முகத்தில் விழுந்து போய் விழுந்து போய்க்கொண்டிருந்தது. அவர் தானாகவே பழையபடி நேராகத் திரும்பினார். மறுபடி இடதுபக்கம். மறுபடி நேரே. அவர் டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தினார். பார்த்தார். கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்தினார். எந்தப் பல்பு போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறவர் அவர், அதே பொறுமை, அதே வரிசை. “ரெண்டுலயும் இல்ல” என்றார். “ரெண்டுலயும் ஒரே பக்கம் இல்ல.” “பல்பு போகல உற்பவம். ரெண்டு பல்பும் ஒண்ணாப் போகாது.” விரலை மெல்லத் தூக்கி, குல்லாய்க்கு மேலே, தலையின் பக்கவாட்டில் தட்டிக் காட்டினார். “மத்தியானத்துல இருந்து சொல்றேன்ல. சுவிட்சுதான்னு.”

அவள் அவர் குல்லாயைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டாள். “எப்ப இருந்துங்க?” “எனக்கு எப்படித் தெரியும், இல்லாதது எப்ப இருந்து இல்லன்னு?” இடுப்பிலிருந்த டார்ச்சைத் தடவிக்கொண்டு, “பொரியல் நெசமாவே வச்சியா?” என்றார். “வச்சேன்.” “பீன்ஸா?” “பீன்ஸு.” அவர் தலையாட்டினார். பிறகு பஸ் டிரைவரின் குரலில், “ஜெசிந்தாட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லு. லைட்டு எரியலன்னு சொல்லிரு” என்றார். “வண்டிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன்” என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு கெட்டியாக இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. வேலிப்பக்கம் பார்த்து, “பாண்டி! ஏ பாண்டி! உன் மருமகன ஜீப்ப எடுக்கச் சொல்லு, ஆஸ்பத்திரி போகணும்” என்று கூப்பிட்டாள். “யாருக்கக்கா?” என்று உள்ளேயிருந்து குரல் ஓடிவந்தது. தனிஸ்லாஸ் முந்திக்கொண்டு, “டிரைவருக்குத்தான்” என்றார். அவள் வண்டிக்குள் கையை விட்டுக் குச்சியை நடுவில் வைத்து, குமிழை உள்ளே தள்ளி, சாவியை எடுத்தாள். மேகம் சட்டென்று கிட்டே வந்தது. திரும்பி வந்தபோது, வழக்கமாக நடக்கிற பக்கத்துக்குப் போன காலை நிறுத்தி, சுற்றிக்கொண்டு அவருடைய மறுபக்கம் வந்தாள், தழும்புப் பக்கம். அவர் அவளைத் தேடி அங்கே இங்கே பார்த்தார். கையைப் பிடித்தபிறகுதான் தேடுவதை நிறுத்தினார். ஜீப் முனகிக்கொண்டு உயிர்பெறுகிற சத்தம் கேட்டது. இரண்டடி வைத்தவர் நின்று, எங்கோ நேரே பார்த்தபடி, “அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டார். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “வேலி” என்றாள். “அப்புறம் கல்லு ஒண்ணு கெடக்கு, இருங்க. ஜீப்பு திரும்புது, இருங்க.” அவர் இருந்தார், திரும்பிப் பார்க்காமல். “இப்ப வாங்க” என்றாள், “வரலாம்.”